பதினோரு கிலோ கம்ப்யூட்டர்: ஆடம் ஆஸ்போர்னின் கதை



போன மாசம் மெஸ் வரிசையில் நிற்கும்போது ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். வீட்டில் ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்காங்களாம். அதில் ஒரு நல்ல போன் வாங்கலாம், இல்லைன்னா மானிட்டரோடு ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணலாம். ரெண்டும் முடியாது. நாலு வருஷத்துக்கு இதுதான், திரும்பிப் போய் அப்பாகிட்ட கேட்க முடியாது. எதை வாங்குறது அண்ணா என்றான்.

எனக்கு உடனே பதில் வரலை. ஏன்னா என் கதையே அப்படி. நான் வைத்திருந்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப் மூன்றாம் வருஷம் செத்துப்போச்சு. சரி பண்ணுற செலவுக்குப் புதுசே வாங்கலாம்னு கடைக்காரர் சொல்லிட்டார். அதிலிருந்து எனக்கு ஒரு போன், காலேஜ் லேப் டெஸ்க்டாப், அவ்வளவுதான். தம்பிக்கு என்ன சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தபோதுதான் ஒருத்தரைப் பற்றிப் படிச்சேன். இந்தக் கேள்வியைத் தன் வாழ்க்கை முழுக்கச் சுமந்தவர் அவர். நிஜமாவே சுமந்தவர், அவருடைய கம்ப்யூட்டரின் எடை 11 கிலோ! அவர் பெயர் ஆடம் ஆஸ்போர்ன். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன். ஆனா அவர் வளர்ந்த ஊர் உங்களுக்குத் தெரியும். திருவண்ணாமலை.

மலையடிவாரத்துப் பையன்

ஆடம் ஆஸ்போர்ன் 1939 மார்ச் 6 அன்று பாங்காக்கில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், அங்கே ஆசிரியராக வேலை பார்த்தவர். அம்மா லூசியா போலந்துக்காரர். ரமண மகரிஷியைப் பற்றி அறிந்து, 1941இல் குடும்பம் இந்தியா வந்தது. மனைவியையும் குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு ஆர்தர் மட்டும் வேலைக்காகப் பாங்காக் திரும்பினார். அந்த நேரத்தில்தான் இரண்டாம் உலகப் போர் அந்தப் பக்கம் பரவியது. ஜப்பானியர்கள் அவரைப் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள்.

போர் முடிந்து 1945இல் விடுதலையாகும் வரைக்கும் அவர் வரவில்லை. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இரண்டு வயதில் பார்த்த அப்பாவை ஆறு வயதில்தான் மறுபடி பார்க்க முடிந்தது. நடுவில் அந்தப் பையனுக்கு இருந்தது அம்மா, அக்கா, தங்கை, ரமணாசிரமம், அந்த மலை, சுற்றிலும் கேட்கும் தமிழ். அப்பா ஆர்தர் பின்னாளில் ரமணரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற்றார். ஆசிரமம் 1964இல் தொடங்கிய மவுண்டன் பாத் பத்திரிகைக்கு முதல் ஆசிரியரும் அவர்தான்.

ஆடம் கொடைக்கானலில் பள்ளிக்கூடம் போனார். 11 வயதில், 1950இல், இங்கிலாந்துக்குப் போனார். மீதிப் படிப்பு அங்கேதான்.

கெமிக்கல் இன்ஜினியர்

இந்த இடத்தில் நம்ம காலேஜ் கெமிக்கல், மெக்கானிக்கல் நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஆஸ்போர்ன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கலை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1961இல் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். பிறகு அமெரிக்கா போய் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. வாங்கினார். கோடிங் கற்றுக்கொண்டது அங்கேதான். கலிபோர்னியாவில் ஷெல் ஆயில் நிறுவனத்தில் நல்ல வேலை. ஆனால் 1970களின் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டுவிட்டார்.

விட்டுட்டு என்ன பண்ணார் தெரியுமா? மேனுவல் எழுதினார்! அப்போது மைக்ரோபிராசசர் புதுசு. சிப் தயாரிக்கிற கம்பெனிகள் கொடுத்த கையேடுகள் சாதாரண ஆளுக்குப் புரியாது. ஆஸ்போர்ன் அவற்றைப் புரிகிற மாதிரி எழுதும் தொழிலை ஆரம்பித்தார். மைக்ரோகம்ப்யூட்டர்களுக்கு ஓர் அறிமுகமாக அவர் எழுதிய புத்தகம் நன்றாக விற்றது. 1977 வாக்கில் அவருடைய பதிப்பகத்தில் சுமார் 40 தலைப்புகள் இருந்தன. 1979இல் மெக்ராஹில் அதை வாங்கிக்கொண்டது. நாம லைப்ரரியில் பார்க்கிற பழைய ஆஸ்போர்ன் மெக்ராஹில் புத்தகங்களில் இருக்கிற ஆஸ்போர்ன் இவர்தான்.

இதோடு பத்திரிகைகளில் பத்தியும் எழுதினார். எந்தக் கம்பெனி என்ன தப்பு பண்ணுது, வாங்குறவன் எங்கே அவதிப்படுறான் என்று வெளிப்படையாக விமர்சிப்பார். அதனால் அவருக்குப் பிடிக்காதவர்களும் நிறைய. ஆனால் ஒரு நாள் விமர்சகரின் கையில் புத்தகம் விற்ற காசும் இருந்தது. குறை சொன்னது போதும், நாமே செய்து காட்டுவோம் என்று இறங்கிவிட்டார்.

மேஜையை விட்டு நகராத பெட்டி

1980இல் ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். கம்ப்யூட்டர் ஒரு பெட்டி. மானிட்டர் தனி. ஃப்ளாப்பி டிரைவ் தனி. இவற்றை இணைக்கிற கேபிள் தனி. எல்லாம் வாங்கி மேஜையில் பரப்பி வைத்த பிறகும் வேலை நடக்காது, ஏன்னா சாஃப்ட்வேரைத் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கணும். இத்தனையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்பது உங்க அதிர்ஷ்டம். ஒருமுறை செட் பண்ணிவிட்டால் அந்த மேஜையை விட்டு அது நகராது. நீங்கதான் அதைத் தேடிப் போகணும்.

தூக்கிப் போகிற மாதிரி கம்ப்யூட்டர் அதுக்கு முன்னாடி இல்லாமல் இல்லை. 1975இல் ஐபிஎம் 5100 வந்தது. எடை சுமார் 25 கிலோ, விலை மாடலைப் பொறுத்து ஏறத்தாழ 9,000 டாலரிலிருந்து 20,000 டாலர் வரை. நம்மளை மாதிரி ஆளுங்க தொட்டுக்கூடப் பார்க்க முடியாது.

ஆஸ்போர்ன் லீ ஃபெல்சன்ஸ்டைன் என்ற இன்ஜினியரைப் பிடித்தார். கலிபோர்னியாவின் புகழ்பெற்ற ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் கூட்டங்களை நடத்தியவர் அவர். கம்ப்யூட்டர் விமான சீட்டுக்கு அடியில் நுழையணும், எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கணும், ஒரே விலையில் சாஃப்ட்வேரும் சேர்ந்து வரணும் என்பது கண்டிஷன். எல்லாவற்றிலும் உச்சமாக இருக்கணும்னு அவர் கேட்கவே இல்லை. பெரும்பாலானவர்களுக்குத் தினசரி வேலை நடந்தால் போதும் என்பதுதான் அவருடைய கணக்கு.

ஆஸ்போர்ன் 1

1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் ஃபேரில் அது அறிமுகமானது. பெயர் ஆஸ்போர்ன் 1. பார்க்கத் தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். மேலே கைப்பிடி. பெட்டியின் மூடியே கீபோர்டு. கழற்றி வைத்தால் இரண்டு ஃப்ளாப்பி டிரைவ், நடுவில் குட்டியாக ஒரு திரை. எடை 24.5 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோ. நம்ம ஹாஸ்டல் 20 லிட்டர் வாட்டர் கேனைப் பாதிக்கு மேல நிரப்பித் தூக்கிப் பாருங்க, தெரியும். பேட்டரி கிடையாது. போகிற இடத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால்தான் உயிர் வரும்.

உள்ளே இசட்-80 பிராசசர், 64 கிலோபைட் மெமரி. ஒரு ஃப்ளாப்பியில் சுமார் 90 கிலோபைட் கொள்ளும். உங்க வாட்ஸ்அப்பில் காலையில் வரும் குட் மார்னிங் படம்கூட இதில் அடங்காமல் போகலாம். ஆனால் வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், பேசிக் மொழி எல்லாம் கூடவே வந்தன. சாஃப்ட்வேரை மட்டும் தனியாக வாங்கினால் சுமார் 1,500 டாலர் ஆகும் என்பார்கள். இங்கே மொத்தப் பெட்டியே 1,795 டாலர்.

இப்போ அந்தத் திரைக்கு வருவோம். 5 அங்குலம். இதைப் படித்ததும் என் போனை எடுத்து அளந்து பார்த்தேன். என் போன் அதைவிடப் பெருசு! அந்தத் திரையில் ஒரு வரியில் 52 எழுத்துகள்தான் தெரியும், மொத்தம் 24 வரிகள். ஆனால் அந்தக் காலத்தில் ஆபீஸ் வேலைக்குப் பழக்கமான அகலம் 80 எழுத்துகள். அதனால் ஃபெல்சன்ஸ்டைன் ஒரு வேலை செய்தார். மெமரிக்குள் 128 எழுத்து அகலமான பக்கம் இருக்கும். அந்தச் சின்னத் திரை அதன் மேல் ஒரு ஜன்னல் மாதிரி. கீயைத் தட்டித் தட்டி ஜன்னலை இடது பக்கமும் வலது பக்கமும் நகர்த்திக்கலாம்.

இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குல்ல? போனில் எக்செல் ஷீட்டைத் திறந்து விரலால் இழுத்து இழுத்து, எந்தக் காலத்தில் இருக்கோம்னே மறந்துபோய், திரும்ப முதலிலிருந்து இழுக்கிறோமே, அதேதான். நாற்பது வருஷத்துக்கும் மேல ஆச்சு. ஜன்னல் வழியாப் பார்க்கிற அவஸ்தை மட்டும் மாறவே இல்லை.

ஆனாலும் விற்றது. உச்சத்தில் மாதம் 10,000 பெட்டிகள் வரை. வீட்டிலும் ஆபீஸிலுமாக வேலை பார்க்கிறவர்களுக்கு, ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு, முதல் முறையாக வேலை கூடவே வந்தது. இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. பெட்டியில் பெரிய மானிட்டரை மாட்டிக்கொள்ள ஓர் இணைப்பும் வைத்திருந்தார்கள். வெளியே போனால் 5 அங்குலம், மேஜைக்கு வந்தால் பெரிய திரை. சின்னத் திரை எல்லா வேலைக்கும் போதாது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

சரிவு

வெற்றி வந்தால் போட்டியும் வரும். 1982இல் கேப்ரோ என்ற கம்பெனி இதே மாதிரி பெட்டியைக் கொண்டு வந்தது. 9 அங்குலத் திரை, 80 எழுத்து அகலம், விலை 1,595 டாலர். அதுவும் கனம்தான், ஆனால் ஜன்னலை நகர்த்த வேண்டாம். இன்னொரு பக்கம் 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசி ஆபீஸ் மேஜைகளை எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது. 1982 கடைசியில் காம்பாக் என்ற புதுக் கம்பெனி, ஐபிஎம் பிசியின் சாஃப்ட்வேரை அப்படியே ஓட்டக்கூடிய, தூக்கிப் போகிற கம்ப்யூட்டரை அறிவித்தது. விலை அதிகம். ஆனால் ஆபீஸ் மேஜையில் பாதியில் விட்ட வேலையை அதே ஃப்ளாப்பியோடு எடுத்துப் போய் இதில் தொடரலாம்.

இங்கேதான் ஆஸ்போர்னின் கணக்கு இடித்தது என்று எனக்குத் தோணுது. தூக்கிப் போக முடியுமா என்பது முதல் வருஷத்துக் கேள்வி. தூக்கிப் போன பிறகு மக்கள் அடுத்த கேள்வி கேட்டார்கள். மேஜையில் செய்கிற அதே வேலையை இதில் முடிக்க முடியுமா? அதற்கு ஆஸ்போர்ன் 1இல் சரியான பதில் இல்லை. பின்னாடி 80 எழுத்து காட்டும் கூடுதல் பாகம் வந்தது. 1983இல் எக்சிகியூட்டிவ் என்ற அடுத்த மாடல், 7 அங்குலத் திரை, 80 எழுத்து, 2,495 டாலர் என்று வந்தது. ஆனால் அதற்குள் ஒரு தப்பு நடந்துவிட்டது. புது மாடல் நல்லா இருக்கும் என்ற செய்தி அது கடைக்கு வரும் முன்பே பரவியது. பழசை யார் வாங்குவாங்க? கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். பழசும் விற்கலை, புதுசும் வரலை, கையில் காசு இல்லை. 1983 செப்டம்பர் 13 அன்று கம்பெனி திவால் மனு கொடுத்தது. தொடங்கி மூன்று வருஷம்கூட ஆகலை.

அடுத்த மாடலை முன்கூட்டியே சொல்லி இப்போதைய விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு இன்றைக்கும் ஆஸ்போர்ன் விளைவு என்றுதான் பெயர். எம்பிஏ படிக்கப் போகிறவர்கள் இதைக் கண்டிப்பாகப் படிப்பீங்க. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை, கேப்ரோவும் ஐபிஎம் அலையும் உள்ளே இருந்த நிர்வாகக் குழப்பமும் சேர்ந்துதான் கவிழ்த்தன என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மனுஷன் பண்ணின நல்ல வேலையை விட்டுட்டு, தோற்ற விதத்துக்கு அவர் பேரை வைத்துவிட்டோம். எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகப் படுது.

கடைசி வருஷங்கள்

அவர் சும்மா இருக்கலை. கம்பெனி எழுந்ததையும் விழுந்ததையும் ஜான் டிவோராக்குடன் சேர்ந்து 1984இல் புத்தகமாக எழுதினார். அதே வருஷம் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்ற கம்பெனியைத் தொடங்கினார். சாஃப்ட்வேரும் புத்தகம் மாதிரி மலிவாகக் கிடைக்கணும் என்பது யோசனை. அவர்களின் ஸ்பிரெட்ஷீட் லோட்டஸ் 1-2-3 மாதிரியே இருக்கிறது என்று லோட்டஸ் 1987இல் வழக்குப் போட்டது. 1990இல் தீர்ப்பு லோட்டஸுக்குச் சாதகமாக வந்தது. அதோடு அந்தக் கம்பெனிக்கும் முடிவு. 1992இல் செயற்கை நுண்ணறிவை நம்பி இன்னொரு கம்பெனி. நியூரல் நெட்வொர்க் என்று நாம் இப்போது ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்கிறோமே, அதை அவர் அப்போதே பிடித்துப் பார்த்தார்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கலை. மூளையைப் பாதிக்கும் நோய், சிறுசிறு பக்கவாதங்கள். அவர் திரும்பி வந்த இடம் கொடைக்கானல். சின்ன வயசில் ஸ்கூல் போன அதே ஊர். அங்கே சகோதரியின் கவனிப்பில் இருந்தார். 2003 மார்ச் 18 அன்று தூக்கத்தில் உயிர் பிரிந்தது. வயது 64. நம்ம பேட்ச் பிறந்த நேரம் அது. நம்மில் எத்தனை பேர் கொடைக்கானல் டூர் போயிருப்போம்! லேக்கில் போட்டிங் போய், போனில் ரீல்ஸ் எடுத்துட்டு வந்திருப்போம். கையில் கம்ப்யூட்டரைக் கொண்டுபோகலாம் என்று ஊருக்குக் காட்டியவர் கடைசியாக வாழ்ந்த ஊர் இது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை.

சரி, தம்பிக்கு என்ன பதில்?

என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் இரண்டாவது சாப்டரை நான் பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே டைப் பண்ணினேன். போன் இல்லைன்னா அந்தச் சாப்டரே பிறந்திருக்காது. காலையும் மாலையும் ஒன்றரை மணி நேரம் வீணாப் போற இடத்தில் அது வேலை செய்ய வைத்தது. ஆனால் ரிவ்யூவுக்கு முந்தின நாள் லேப் டெஸ்க்டாப்பில் திறந்தால், டேபிள் எல்லாம் மார்ஜினைத் தாண்டிப் போயிருக்கு, ஒரு படத்தின் நம்பர் இரண்டு தடவை வந்திருக்கு. ஜன்னல் வழியாப் பார்த்துக் கட்டின வீடு அது. லேப் மூடுகிற வரை உட்கார்ந்து சரி பண்ணினேன். அன்றைக்கு லேப் அட்டெண்டர் அண்ணன் கூடுதலாக அரை மணி நேரம் காத்திருக்கலைன்னா ரிவ்யூ போயிருக்கும்.

அதனால் நான் தம்பியிடம் இப்படிச் சொன்னேன். போன் பெருசா டெஸ்க்டாப் பெருசா என்று கேட்காதே. ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுது. எந்த வேலையை எங்கே ஆரம்பிச்சே, எங்கே முடிச்சே, எங்கே மாட்டிக்கிட்டே. படிக்கிறது, நோட்ஸ் போட்டோ எடுக்கிறது, மெயில், முதல் டிராஃப்ட், இதெல்லாம் கையில் இருக்கிற சுமாரான போனிலேயே நடக்கும். அதுக்குப் புதுசு தேவையில்லை. கேட் வரைபடம், சிமுலேஷன், பெரிய ஷீட், ஃபைனல் ரிப்போர்ட், இதெல்லாம் பெரிய திரையும் கீபோர்டும் இல்லாமல் முடியாது. லேப் திறந்திருக்கும் நேரம் உனக்குப் போதுமா என்று பார். போதாதுன்னா காசை டெஸ்க்டாப்பில் போடு. தினமும் ஊரிலிருந்து வந்து போகிறவன், ராத்திரி லேப்பில் இருக்க முடியாதவன் என்றால் கணக்கு இன்னும் தெளிவு, வீட்டு மேஜைதான் உனக்கு லேப். போனே உடைஞ்சு கிடக்குன்னா மட்டும் முதலில் ஒரு சாதா போன்.

அவன் நோட்டில் எழுதிட்டு வந்தான். ஏழு நாளில் ஒன்பது இடத்தில் மாட்டியிருந்தான். ஒன்பதில் ஏழு, வேலையை முடிக்கிற இடம். டெஸ்க்டாப் வாங்குறதுன்னு முடிவு பண்ணி அப்பாவுக்கு போன் போட்டான். பழைய போனிலிருந்துதான்.

நீங்களும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் எழுதிப் பாருங்க. நான் இந்தக் கட்டுரையைப் பஸ்ஸில் ஆரம்பிச்சேன், லேப்பில் முடிக்கிறேன். அட்டெண்டர் அண்ணன் சாவியை ஆட்டிக்கிட்டு நிற்கிறார். வரட்டுமா?